கம்போ, ஜம்பலாயா, கூட்டாஞ்சோறு: ரெண்டு சாப்பாட்டைக் கலந்தா என்ன ஆகும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையைக் கூடியவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் ஒரு கேள்வியில இருந்து வந்தது. அமெரிக்காவுல லூசியானான்னு ஒரு மாநிலம் இருக்கு. அங்க கம்போ, ஜம்பலாயான்னு ரெண்டு சாப்பாடு ரொம்பப் பிரபலம். சில பேரு வீட்டுல அந்த ரெண்டையும் சேர்த்து 'கம்போலாயா'ன்னு பண்றாங்க. "நம்ம தென்காசிப் பக்கம் இப்படி எதுவும் உண்டா?"ன்னு ஒரு தம்பி கேட்டிருந்தாரு.

உண்டு. ஆனா அது எந்த ஓட்டல் போர்டுலயும் இருக்காது. ஏன் இருக்காதுங்கறதுதான் இன்னைக்கு நாம பேசப்போற விஷயம்.

முதல்ல லூசியானாவை முடிச்சிடுவோம். கம்போங்கறது குழம்பு. எண்ணெய்லயோ வெண்ணெய்லயோ மைதாவைப் போட்டு, பழுப்பு நிறம் வர்ற வரைக்கும் பொறுமையா வறுப்பாங்க. அதுல வெங்காயம், குடமிளகாய், செலரி சேர்த்து, கோழியோ இறாலோ போட்டுக் கொதிக்கவிடுவாங்க. சோறு தனியா வேகும். சாப்பிடும்போதுதான் ரெண்டும் சேரும். ஜம்பலாயா அப்படியில்ல. அரிசி, கறி, காய், மசாலா எல்லாமே ஒரே பானையில வேகும்.

கம்போங்கற பேரு எங்க இருந்து வந்தது தெரியுமா? ஆப்பிரிக்காவுல அங்கோலா பக்கத்து மொழியில வெண்டைக்காய்க்கு 'கிங்கோம்போ'ன்னு பேரு. அடிமைகளா கொண்டுவரப்பட்ட மக்களோட சேர்ந்து அந்தச் சொல்லும் வந்தது. வெண்டைக்காயோட வழுவழுப்புதான் அந்தக் குழம்பைக் கெட்டியாக்கும். நம்ம வீட்டுல என்ன பண்ணுவோம்? அந்த வழுவழுப்பு போகணும்னுதானே வெண்டைக்காயை முதல்ல எண்ணெய்ல வதக்கி, அப்புறம் புளித்தண்ணி ஊத்துறோம்! ஒரே காய்தான், அவங்களுக்கு வேண்டியது நமக்கு வேண்டாம்.

மாவை வறுக்கிற முறை பிரெஞ்சுக்காரங்களோடது. கெட்டியாக்க சில பேரு சசாஃப்ராஸ் இலைப்பொடி போடுவாங்க, அது சோக்டா பழங்குடி மக்கள் கொடுத்தது. ஆக, கம்போவே ஏற்கெனவே ஒரு கலவை. அதை ஜம்பலாயாவோட சேர்த்தா "ஒரிஜினல் போச்சே"ன்னு யாராவது சண்டைக்கு வந்தா, எந்த ஒரிஜினல்னு கேக்கணும்.

சரி, இப்ப குற்றாலத்துக்கு வருவோம்.

ஜூன் கடைசியில சாரல் அடிக்க ஆரம்பிச்சா நீங்கள்லாம் வண்டி கட்டிட்டு வருவீங்க. மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம். குளிச்சு முடிச்சா குளுருல பசி எடுக்கும். நேரா பிரானூர் பார்டர்ல பரோட்டா, சால்னா, கோழி. 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கம் இருந்தது. அப்ப எல்லை பிரானூர்ல. இன்னைக்கு மாநில எல்லை புளியரையைத் தாண்டிப் போயிடுச்சு, ஆனா 'பார்டர்'ங்கற பேரு மட்டும் பரோட்டாவோட ஒட்டிக்கிட்டு அங்கேயே நிக்குது.

பார்டர் பரோட்டா மேல எனக்கு எந்தக் கோபமும் இல்ல. நானும் போவேன். ஆனா தென்காசிச் சாப்பாடுன்னா அது மட்டும்தான்னு நினைச்சுட்டு ஊருக்குத் திரும்பிடுறீங்க பாருங்க, அங்கதான் எனக்கு இடிக்குது. ஏன்னா இந்த ஊரு வீடுகள்ல கம்போவுக்கும் ஜம்பலாயாவுக்கும் சொந்தக்காரங்க மாதிரி ரெண்டு சாப்பாடு இருக்கு. ஒண்ணு சொதி, இன்னொண்ணு கூட்டாஞ்சோறு.

சொதி, சோத்துல ஊத்திச் சாப்பிடுறது. திருநெல்வேலிச் சீமையில கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்துல போடுவாங்க. தேங்காயை மூணு தடவை பால் எடுக்கணும். மூணாம் பால்ல உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பட்டாணி, முருங்கைக்காய் வேகும். குழைய வெச்ச பாசிப்பருப்பு சேரும். அப்புறம் ரெண்டாம் பால். கடைசியா முதல் பாலை ஊத்தினா, ஒரு நுரை கட்டுறதுக்குள்ள இறக்கிடணும். கொதிக்கவிட்டா திரிஞ்சிடும். எலுமிச்சைச் சாறு அடுப்பை அணைச்ச பிறகுதான். கூட இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்குப் பொரியலும். லூசியானாவுல சில வீடுகள்ல உருளைக்கிழங்கு சாலட்டைத் தூக்கி கம்போவுக்குள்ளயே போட்டுச் சாப்பிடுவாங்க. அது எனக்கு விசித்திரமா தெரியல, நாமளும் சொதிச் சோத்தோட உருளைக்கிழங்கைத்தானே பிசையுறோம்.

யாழ்ப்பாணத்துலயும் சொதி உண்டு, இடியாப்பத்துக்கு ஊத்துற தண்ணியான சொதி. மேற்கே மலையைத் தாண்டினா தேங்காய்ப்பால்ல செய்யுற இஷ்டூ. மூணும் மூணு ருசி, ஆனா ஒரே குடும்பம்னு பார்த்தாலே தெரியும்.

கூட்டாஞ்சோறு அடுத்தது. சின்னப் பிள்ளைங்க ஆளுக்கு ஒண்ணு கொண்டுவந்து சேர்ந்து பொங்கி விளையாடுறதுக்கும் இதே பேருதான். வீட்டுல பண்றது அரிசி, துவரம்பருப்பு, காய் எல்லாம் சேர்ந்து வேகுற சோறு. இதை "ஓ, பிசிபேளாபாத் மாதிரியா?"ன்னு கேட்டுடாதீங்க. இதுல சாம்பார் பொடி கிடையாது, பட்டை கிராம்பு கிடையாது. தேங்காய், சீரகம், மிளகாய் வத்தல், பூண்டு, சின்ன வெங்காயம் இதைப் பச்சையா அரைச்சு ஊத்துறதுதான் மசாலா. கடைசியில ஒரு கை முருங்கைக்கீரை.

அளவு சொல்றேன், போன்ல குறிச்சுக்கோங்க. ரெண்டு மூணு பேருக்கு ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளர் துவரம்பருப்பு, நாலு டம்ளர் தண்ணி. வாழைக்காய், கத்திரிக்காய், சீனி அவரைக்காய், முருங்கைக்காய், கிடைச்சா ரெண்டு துண்டு மாங்காய். சீனி அவரைக்காய்னா உங்க ஊரு கொத்தவரங்காய். பருப்பு முதல்ல பாதி வேகணும். அப்புறம் அரிசியும் காயும். சோறு முக்கால் பதம் வந்த பிறகுதான் புளித்தண்ணியும் அரைச்ச மசாலாவும். இந்த வரிசையை மாத்தாதீங்க, புளி முன்னாடியே விழுந்துட்டா பருப்பு லேசுல வேகாது. கீரை போட்டுக் கிளறி இறக்கி, கடுகு, உளுந்து, கறிவேப்பிலை, வடகம் தாளிச்சுக் கொட்டுங்க. தொட்டுக்க அப்பளமோ கூழ் வத்தலோ போதும்.

இப்ப கேள்விக்கு வர்றேன். இந்த ரெண்டையும் கலக்கலாமா?

கூட்டாஞ்சோத்து மேல சொதியை ஊத்தினா எனக்குப் பிடிக்காது. காரணம் சம்பிரதாயம் இல்ல. ரெண்டுலயும் தேங்காய், ரெண்டுலயும் பருப்பு, ரெண்டுலயும் வெந்த காய். ஒண்ணுல புளி, ஒண்ணுல எலுமிச்சை. நாக்குக்கு எதுவும் தனியா தெரியாது. சொதிக்கு வெறும் வெள்ளைச் சோறுதான் சரி.

ஆனா நம்ம ஊர்ல உண்மையான கலவைச் சாப்பாடு ஒண்ணு இருக்கு: சுண்டக்கறி. விசேஷம் முடிஞ்ச மறுநாள் சாம்பார், புளிக்குழம்பு, கூட்டு, பொரியல், அவியல்னு மிச்சம் கிடக்கும். அதெல்லாம் ஒரே சட்டியில கொட்டி, சிறு தீயில தண்ணி வத்துற வரைக்கும் சுண்ட வைப்பாங்க. பழைய சோத்துக்கு அதைத் தொட்டுக்கிட்டுச் சாப்பிட்டவங்களுக்கு நான் மேல விளக்க வேண்டியதில்ல. சில பேருக்கு விருந்தை விட அந்த மறுநாள் சட்டிதான் ஞாபகத்துல நிக்கும்.

அதுக்கும் கணக்கு உண்டு. தண்ணி வத்த வத்த உப்பும் புளிப்பும் ஏறும், அதனால மேல உப்புப் போடவே கூடாது. சொதியைச் சுண்டக்கறியில சேர்க்காதீங்க, தேங்காய்ப்பால் திரிஞ்சு எண்ணெயாப் பிரியும். லூசியானாக்காரங்களுக்கும் நான் இதைத்தான் சொல்வேன்: ஏற்கெனவே உப்பும் காரமும் ஏறின சோத்து மேல அதே அளவு ஏறின குழம்பை ஊத்தாதீங்க, ஒண்ணு அடங்கியிருக்கணும். கூட்டாஞ்சோத்துக்குப் புளிக்குழம்பு ஊத்தித்தான் சாப்பிடுவேன்னா, சோத்துல புளியை விட்டுடுங்க.

இப்ப முதல்ல சொன்ன விஷயத்துக்கு வருவோம். ஏன் இதெல்லாம் ஓட்டல்ல இல்ல?

சால்னாவைப் பாருங்க. சாயங்காலம் வெச்சா நடுராத்திரி வரைக்கும் அடுப்புலயே கொதிச்சுக்கிட்டுக் கிடக்கும், ருசி கூடத்தான் செய்யும். கடைக்கு அது தோது. கூட்டாஞ்சோறு இறக்கி ஒரு மணி நேரத்துல இறுகிடும், கரண்டி நிக்கும். சொதியை அடுப்புல வெச்சுக்கிட்டே இருக்க முடியாது. இப்ப சில ஓட்டல்ல சொதி போடுறாங்க, சந்தோஷம். சுண்டக்கறியை எந்தக் கடையில போட முடியும்? நேத்து மிச்சம்னு போர்டு எழுத முடியுமா?

ஆக, காத்திருக்கிற சாப்பாடு கடைக்குப் போயிடுச்சு. காத்திருக்க முடியாத சாப்பாடு வீட்டுல தங்கிடுச்சு. வீட்டுல தங்கினதுக்கு மெனு கார்டு கிடையாது, விலை கிடையாது, ரீல்ஸ் கிடையாது. அதோட அளவு முழுக்க யாரோ ஒரு அம்மா, ஒரு ஆச்சி கையில இருக்கு. 2019-ல தென்காசி தனி மாவட்டம் ஆச்சு. ஊருக்குப் புதுசா வர்றவங்ககிட்ட இதுதான் எங்க சாப்பாடுன்னு காட்ட பரோட்டா மட்டும் போதும்னு நாமே முடிவு பண்ணிட்டா, மிச்சம் அந்தக் கைகளோடயே போயிடும்.

அதுவும் சென்னையிலயும் பெங்களூர்லயும் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறவங்களுக்குச் சொல்றேன். சொதி விருந்துச் சாப்பாடு, ஒரு ஆளுக்கு மூணு பால் எடுத்துப் பண்றது கஷ்டம். கூட்டாஞ்சோறு அப்படியில்ல. ஒரு அடுப்பு, ஒரு பானை, ஃப்ரிட்ஜ்ல கிடக்குற நாலு காய். ஸ்விக்கி வர்ற நேரத்துக்குள்ள முடியாது, உண்மைதான். ஆனா ஞாயித்துக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் போதும். மிச்சம் இருந்தா வெளியவே கிடக்க விடாம சீக்கிரம் ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டு, மறுநாள் கொஞ்சம் வெந்நீர் தெளிச்சு நல்லாச் சூடாக்கிச் சாப்பிடுங்க.

வீட்டுக்கு போன் பண்ணும்போது "நல்லாருக்கியா, சாப்பிட்டியா"வோட நிறுத்தாம, இந்த வாரம் ஒரு கேள்வி கேளுங்க. "கூட்டாஞ்சோத்துக்கு நீங்க புளி எப்ப ஊத்துவீங்க?" நான் சொன்னதுக்கு மாறா ஒரு பதில் வரும், கட்டாயம் வரும். அதை வாய்ஸ் நோட்டா எங்களுக்கு அனுப்புங்க. எந்த ஊரு, எந்தக் காய், எவ்வளவு தண்ணின்னு மறக்காம சொல்லுங்க. வர்றதை எல்லாம் அடுத்த எபிசோட்ல வரிசையா போடுறேன்.

அதுவரைக்கும், வரட்டுமா.