வேட்டியும் வேளையும்

(தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

சென்ற திங்கள் நம் செயற்குழுவில் எழுந்த பூசலை ராமாபுரத்துத் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் அறியும். ஆண்டு விழாவுக்கு ஆண்மக்கள் அனைவரும் வேட்டியோடுதான் வரவேண்டும் என்றனர் பெரியோர். பந்தலில் ஏறி விளக்குக் கட்டுவோர் நாங்கள், அதை வேட்டியோடு செய்வது எங்ஙனம் என்று கேட்டனர் இளைஞர். இரு சாராரும் என்னிடம் தீர்ப்புக் கேட்டனர். நான் நீதிபதி அல்லேன். வேட்டியால் ஒருமுறை கீழே விழுந்தவன். எனக்குள்ள தகுதி அது ஒன்றே.

இருபத்திரண்டு வயதில், நண்பன் திருமணத்துக்கு எட்டு முழம் கட்டிக்கொண்டு, மோட்டார்ச் சைக்கிளின் பின்னிருக்கையில் அமர்ந்து போனேன். பழைய வேட்டி நன்றாகப் படியும். அன்று கட்டியிருந்ததோ கஞ்சி போட்ட புதிய வேட்டி. காற்றில் எழுந்த அதன் தலைப்பைச் சக்கரத்தின் கம்பிகள் பற்றிக்கொண்டன. அடுத்த நொடியில் நான் சாலையில் கிடந்தேன். முழங்கால் கிழிந்தது, வேட்டியோ சக்கரத்தைச் சுற்றிக் கயிறாகிக் கிடந்தது. மணமேடையில் மாப்பிள்ளையைப் பார்த்தவரினும் வாயிலில் என்னைப் பார்த்தவரே மிகுதி. வீட்டுக்கு வந்ததும் என் தந்தையார், "வேட்டிமேல் பிழையில்லை, அதை இறுக்கிக் கட்டாத உன்மேல்தான்" என்றார்.

வேட்டியின் பெருமையை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. கோடைக்கு இதனினும் ஏற்ற உடை உண்டோ? காற்று உள்ளே புகும், வியர்வை நில்லாது. தரையில் சம்மணமிட்டு உண்ண அமரும்போது தடுக்காது. தையற்காரனை நாட வேண்டுவதில்லை. தந்தையின் வேட்டி மகனுக்கும் பொருந்தும். வயிறு பெருத்தாலும் பொருந்தும். (இதைச் சொல்லும்போது பொருளாளர் அவர்களை நான் நோக்கவில்லை.) வாய்க்காலைக் கடக்க மடித்துக் கட்டலாம். சேற்றில் இறங்கத் தார்ப்பாய்ச்சிக் கட்டினால் அதுவே கால்சட்டை ஆகிவிடும். எதிரே பெரியவர் வந்தால் மடித்த வேட்டியை அவிழ்த்துத் தழைய விடுகிறோமே, அந்த மரியாதை மொழி வேறெந்த உடைக்குத் தெரியும்?

நம்மைப் போலவே இடுப்பில் துணி சுற்றியவர்கள் ஸ்காட்லாந்து மலைநாட்டார். அவர்கள் உடையைக் கில்ட்டு என்பர். நமக்கு அருகிலுள்ள சீரங்கப்பட்டணத்துக் கோட்டையை 1799 மே 4 ஆம் நாள் தாக்கியவர்களில் அந்நாட்டுப் படைப்பிரிவினரும் இருந்தனர். தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய டேவிட் பெயர்டும் ஸ்காட்லாந்தவரே. கில்ட்டு முதலில் தைக்காத நீண்ட கம்பளித் துணியாக இருந்தது. பகலில் உடை, இரவில் போர்வை. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில், இரும்பு உலை நடத்திய ராலின்சன் என்னும் ஆங்கிலேயர், தம் தொழிலாளர் வசதியாக வேலை செய்வதற்காக அதன் மேற்பாதியை நீக்கிச் சிறிதாக்கினார் என்று சொல்வர். உலையின் முன்னே அவர்களும் நம் இளைஞர் கேட்ட கேள்வியைத்தான் கேட்டிருப்பார்கள் போலும்.

அந்த உடைக்கு இருவகைத் தடைகள் வந்தன. 1746 ஆம் ஆண்டுச் சட்டம், படைவீரர் நீங்கலாகப் பிறர் மலைநாட்டு உடை அணிந்தால் ஆறு மாதச் சிறை என்றது. இரண்டாம் முறை அணிந்தால் ஏழாண்டு நாடுகடத்தல். கிளர்ச்சி செய்த மக்களை அடக்க வந்த சட்டம் அது. 1782 இல்தான் நீங்கிற்று. மற்றொரு தடையைக் கொண்டுவந்தது போர்க்களத்துச் சேறு. 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில், பதுங்குகுழிச் சேறு கில்ட்டின் மடிப்புகளில் ஏறிக் கனத்தது. குளிரில் உறைந்து தொடையை அறுத்தது. மடிப்புகளில் பேன் குடிபுகுந்தது. நச்சு வாயுவுக்குத் திறந்த கால்கள் எளிதில் இலக்காயின. இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் கில்ட்டு போர்க்களத்தை விட்டு விலகிற்று. அணிவகுப்பிலும் திருமணத்திலும் அது இன்றும் வாழ்கின்றது.

இவ்விரு தடைகளையும் நாம் ஒன்றாக எண்ணலாகாது. 2014 சூலைத் திங்களில் சென்னையில் ஒரு கிரிக்கெட் மன்றம், வேட்டி அணிந்து சென்ற நீதியரசர் அரிபரந்தாமன் அவர்களை உள்ளே விட மறுத்தது. அடுத்த திங்களே தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அத்தகைய தடையை நீக்கிச் சட்டம் இயற்றிற்று. நாம் வாழும் இம்மாநிலத்திலும், 2024 சூலையில், பெங்களூரு மாகடி சாலையில் உள்ள பேரங்காடி ஒன்று, பஞ்செ உடுத்து மகனோடு படம் பார்க்க வந்த ஆவேரி மாவட்டத்து முதிய உழவரைத் தடுத்தது. அரசு அந்த அங்காடியை ஏழு நாள் மூட வைத்தது. கன்னடர் பஞ்செக்கு நேர்ந்த இழிவு நம் வேட்டிக்கும் நேர்ந்ததே. அந்த வாயிற்காவலனிடம் காரணம் ஏதும் இல்லை. ஆள் பார்த்து எழுந்த ஏளனமே இருந்தது.

இயந்திரம் ஆள் பார்ப்பதில்லை. 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 22 ஆம் பிரிவு, ஓடும் இயந்திரத்தருகே சோதனைக்கோ எண்ணெய் இடுவதற்கோ செல்லும் தொழிலாளி உடலோடு ஒட்டிய உடையே அணிய வேண்டும் என்றது. அவ்வுடையை அளிப்பது ஆலை நடத்துவோரின் கடமையாக இருந்தது. என் தந்தையார் ஆலைக்கு வேட்டியோடு மிதிவண்டியில் போவார். ஆலையில் அதனை அவிழ்த்து ஆணியில் மாட்டிவிட்டுக் கால்சட்டை போடுவார். மாலையில் வேட்டியோடு திரும்புவார். அதனால் அவர் தமிழ் ஒருநாளும் குறைந்ததில்லை.

தாய்மார்களுக்கும் ஒரு சொல். சமையற்கூடத்துக்குப் போகும் ஆண்களிடம் பருத்தி வேட்டியைக் கொடுங்கள். பாலியெஸ்டர் கலந்த துணியில் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே, ஏணி ஏறுவோரும் மின்கம்பி இழுப்போரும் கால்சட்டையோடு நிற்கட்டும். அவர்களைப் பெரியோர் கடிந்துகொள்ள வேண்டா. பந்தி பரிமாறுவோர் தார்ப்பாய்ச்சிக் கட்டலாம். நம் பாட்டன்மார் அப்படித்தான் பரிமாறினார்கள். மேடையேறுவோர் தழையக் கட்டுங்கள். விளக்குக் கட்டி முடித்த பிள்ளைகளுக்காக, மேடைக்குப் பின்னறையில் எட்டு முழ வேட்டி ஆறு கொண்டுவந்து வைத்திருக்கிறேன். கட்டத் தெரியாதவர் கூச்சமின்றி வாருங்கள், நானே கட்டிவிடுகிறேன். இடுப்புவாரும் உண்டு.