வைத்தியர் குடியிருக்கும் தெரு

மருத்துவமனைப் பணி கிடைத்துத் தூத்துக்குடிக்கு வருகிற இளைஞர்கள், நியமன உத்தரவைக் கையில் வாங்கியதும் கேட்கும் முதற் கேள்வி ஒன்று உண்டு: "ஜாகை எங்கே பார்க்கலாம்?" சம்பளம் உத்தரவிலேயே இருக்கிறது. வேலை இன்னதென்பது வார்டுக்குள் நுழைந்ததும் தெரிந்துவிடும். குடியிருக்கும் இடத்தைப் பற்றித்தான் உத்தரவு ஒன்றும் பேசுவதில்லை. இப்பகுதி மருத்துவமனைகளில் நெடுநாள் உழைத்தவன் என்ற முறையில் என்னிடமும் பலர் இதைக் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னவற்றையே நேயர்களுக்கும் சொல்லுகிறேன்.

2000-ஆம் ஆண்டில் இங்கே அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியது. அதன் பின்னர் வைத்தியர்களும் தாதியரும் பல மாவட்டங்களிலிருந்து வருகின்றனர். அவர்களிற் சிலருக்குப் பாளையங்கோட்டையின் மேல் ஒரு கண். பழைய பள்ளிக்கூடங்கள், கல்லூரிகள், உறவினர் எல்லாம் அங்கே. ஐம்பது கிலோமீட்டர்தானே, பஸ்ஸில் போய்வரலாம் என்பார்கள். பிள்ளைகளின் படிப்பை எண்ணி அப்படிச் செய்கிறவர்களை நான் குறை கூறமாட்டேன். ஆயினும் 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்திலேயே நின்றுவிட்டது. சாலைகள் அறுந்தன. வேற்றூரில் இருந்தவர் எவ்வளவு கடமையுணர்ச்சி உடையவராயினும், அன்று வந்து சேர முடியாது.

நகருக்குள்ளேயே வீடு பார்ப்பதென்றாலும் மழையை மறக்கலாகாது. தூத்துக்குடி தட்டையான ஊர். நகரின் மழைநீர் பக்கிள் ஓடை வழியாகக் கடலை அடைய வேண்டும். முத்தம்மாள் காலனி போன்ற தாழ்ந்த இடங்களில் வெள்ளம் வடியப் பல நாள் ஆயிற்று. குடிநீரோ வல்லநாட்டுப் பக்கத்திலிருந்து, தாமிரபரணியிலிருந்து குழாய் வழியே வருகிறது. கிணற்று நீர் பெரும்பாலும் உவர்ப்பு. ஆகவே வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னர், குழாயில் எத்தனை நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வருகிறது என்று கேட்பது நலம். இவையெல்லாம் யாரும் சொல்லக்கூடியவை. யாரும் வாய்விட்டுச் சொல்லாத வேறொன்று இருக்கிறது.

"சமூகம்" என்ற சொல்லுக்கு நம் நாட்டில் இரண்டு பொருள். மேடையில் பேசும்போது ஊரார் அனைவரும் சமூகம். வீடு தேடும்போது அது சாதிக்கு மறுபெயர். நான் பணியேற்ற புதிதில் ஒரு வீட்டுக்காரர், சாவியைக் கையில் வைத்துக்கொண்டே, "அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதீங்க, நீங்க என்ன ஆளுக?" என்றார். "நான் ஆஸ்பத்திரி ஆளு" என்றேன். அவர் சிரித்தார், சாவியைத் தரவில்லை.

வீட்டுக்காரரை மட்டும் குற்றஞ் சொல்லிப் பயனில்லை. வருகிறவரும் தம் மனிதர் இருக்கும் தெருவைத்தான் முதலில் விசாரிக்கிறார். அதில் சௌகரியம் உண்டு. மளிகைக் கடையில் கடன் கிடைக்கும். கல்யாணம் காரியத்துக்கு அழைப்பு வரும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பாட்டி அகப்படுவாள். ஆனால் இந்த மாவட்டத்தில் இரு தெருவார் மோதிக்கொள்வதும், இரு தரப்புக் காயக்காரர்களும் ஒரே வார்டுக்கு வந்து சேர்வதும் இல்லாத கதையன்று. அன்று கட்டுப் போடும் கையை நோயாளி பார்க்கிறான். "இவர் அந்தத் தெருக்காரர்" என்ற எண்ணம் அவன் மனத்தில் நுழைந்துவிட்டால், கொடுக்கும் மருந்தைக் குடிக்கவும் தயங்குவான். தாதி எவ்வளவு நேர்மையுடையவளாயினும் அந்தச் சந்தேகத்தை ஊசியால் எடுக்க முடியாது. ஆதலால், பலதரப்பட்டவர் கலந்து வாழும் தெருவையே தேடுங்கள் என்று நான் வற்புறுத்துவதுண்டு. வாடகை சிறிது கூடினாலும் பரவாயில்லை.

மாவட்டத்தின் தென்புறம், பனைமரங்கள் சூழ்ந்த நாசரேத்தில் இதற்கொரு பழைய உதாரணம் உண்டு. அங்கே 1870-இல் ஸ்ட்ராக்கன் என்ற பாதிரியார் மருத்துவமனையைத் தொடங்கினார். 1876-இல் மருத்துவப் பணிக்கென வந்த ஆர்தர் மர்காஷிஸ், 1908-இல் இறக்கும் வரை அவ்வூரை விட்டுப் போகவில்லை. அவர் வந்த காலம் தாதுவருஷப் பஞ்சத்தின் காலம். அநாதைகளான குழந்தைகளுக்கு இல்லமும், கைத்தொழிற் பள்ளியும் அவர் முயற்சியால் எழுந்தன. அவருடைய சமயப் பணியைப் பற்றி நேயர்களுக்குப் பல கருத்துக்கள் இருக்கலாம். அது வேறு விஷயம். நோயாளிகள் வாழ்ந்த ஊரிலேயே அவரும் வாழ்ந்தார் என்பதை மறுப்பாரில்லை. நம் இளைஞர்களிடம் முப்பத்திரண்டு ஆண்டுகளை நான் கேட்கவில்லை. மாற்றல் வரும் வரை போதும்.

கடற்கரைப் பக்கம் குடியிருக்கிறவருக்கு வேறொரு இலாபமும் உண்டு. முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. சங்கு குளிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முன்காலத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு மூழ்கினார்கள். கயிற்றைப் பிடிக்க மைத்துனனைத்தான் நம்புவார்கள் என்று இக்கரையில் ஒரு பேச்சுண்டு. (தங்கை தாலிக்காக அவன் கயிற்றை விடமாட்டான் என்பது காரணம்.) இப்போது படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியே காற்றைப் பெற்று, நீண்ட நேரம் அடியில் இருக்கிறார்கள். ஆழத்திலிருந்து விரைந்து மேலே வந்தால் மூட்டுகளில் வலி எடுக்கும்; சில வேளை கால்கள் செயலற்றும் போகும். திரேஸ்புரத்துப் பேச்சு காதில் விழுந்து பழகிய வைத்தியர், கால் மரத்த வாலிபனைப் பார்த்தவுடன், "எத்தனை பாகம் இறங்கினாய், எவ்வளவு நேரம் இருந்தாய்?" என்று கேட்பார். பழகாதவர் அவனை வாத நோய்க்காரனாகவே எண்ணிச் சற்றுக் காலத்தைக் கழிப்பார். அந்தச் சற்றுக் காலத்தில் ஒரு மனிதனுடைய நடை போய்விடலாம்.

உப்பளத் தொழிலாளர் நிலையும் இதுதான். விடியுமுன் வேலைக்குப் போகிறவர்கள், காலை நேரப் புறநோயாளிப் பிரிவுக்கு வந்தால் அன்றைய கூலி போயிற்று. ஆகவே உப்புநீரில் வெடித்த காலைப் பல வாரம் காட்டாமலே இருப்பார்கள். தெருவில் ஒரு தாதி குடியிருந்தால், மாலையில் தண்ணீர்க் குழாயடியில் அந்தக் காலை அவள் கண்டு, "அக்கா, நாளைக்கு எப்படியும் வந்துவிடுங்கள்" என்று சொல்லிவிடுவாள்.

இப்படி நடுவிலே குடியிருந்தால் நிம்மதி போகாதா என்று கேட்பார்கள். கொஞ்சம் போகத்தான் செய்யும். இரவு பன்னிரண்டு மணிக்குக் கதவு தட்டப்படும். பாதிக்கு மேல் சாதாரண வயிற்றுவலியாக இருக்கும். வந்தவரிடம் கோபிக்காமல், வீட்டில் வைத்தியம் செய்யாமல், மருத்துவமனைக்கே வழி காட்டிவிடுவதென்று முதல் மாதத்திலேயே தெருவுக்குத் தெரியப்படுத்திவிட்டால் தொல்லை பாதியாகும். தனியாக வரும் தாதியர்க்கு நான் வேறு விதமாகச் சொல்வேன். முதல் ஆண்டு விடுதியிலேயே தங்கட்டும். இரவு முறை முடிந்து எந்தத் தெருவழியே அச்சமின்றி நடக்கலாம் என்பதை அவர்களே கண்டறிந்த பிறகு வீடு பார்க்கட்டும்.

முன்பணம் கொடுக்கும் முன் இரண்டு காரியம் செய்யுங்கள். வீட்டுச் சுவரில் பழைய வெள்ளத்தின் கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அண்மையில் வெள்ளையடித்திருந்தால் அண்டை வீட்டுச் சுவரைப் பாருங்கள். பின்னர் வாசலிலிருந்து மருத்துவமனைக் கேட் வரை ஒரு முறை நடந்தே போய், எத்தனை நிமிஷம் ஆகிறதென்று குறித்துக்கொள்ளுங்கள்.