சொக்சோ யாருக்கு? எப்போது?

(தோட்டக் கிளையின் பொதுக்கூட்டத்தில் கிளைச் செயலாளர் ஆற்றிய உரை)



சம்பள நாளன்று சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நம்மில் பலர் கேட்பது ஒரே கேள்விதான். "சொக்சோவுக்கு மாதா மாதம் பிடிக்கிறார்களே, நமக்கு அதனால் என்ன கிடைக்கப் போகிறது?" கேள்வி நியாயமானது. ஆனால் பதிலை அடிபட்ட பிறகு தேடுவதைவிட, கை கால் நன்றாக இருக்கும்போதே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் நான் நேரில் பார்த்த ஒரு சங்கதியைச் சொல்கிறேன். மரம் வெட்டும் ஓர் அம்மாள் விடியுமுன் கணவரின் மோட்டார் சைக்கிளில் பெரட்டுக்குப் போனார். இரவெல்லாம் மழை; செம்மண் ரோடு. வண்டி வழுக்கி, முட்டியில் பலத்த அடி. பின்னால் வந்த இருவர் தூக்கி விட்டார்கள். "வேலைக்காட்டில் விழவில்லையே, ரோட்டில்தானே விழுந்தேன்" என்று எண்ணி, அவர் கிராணியிடம் வாய் திறக்கவில்லை. டவுன் கிளினிக்கில் டாக்டர் கேட்டபோதும் "விழுந்துவிட்டேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். மருந்துக்குச் சொந்தக் காசு.

இரண்டு மாதம் கழித்தும் முட்டி மடங்கவில்லை. அப்போதுதான் சங்கத்தைத் தேடி வந்தார். காகிதங்களைப் புரட்டினால், எங்கே விழுந்தார், எத்தனை மணிக்கு விழுந்தார் என்று ஒரு வரிகூட இல்லை. தூக்கிவிட்ட இருவரில் ஒருவர் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார். அவரைத் தேடிப் பிடித்துச் சாட்சி வாங்கி மனுச் செய்தோம். கடைசியில் மனு ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆனால் அத்தனை மாதமும் அந்த வீட்டில் கடன் காசில்தான் அடுப்பெரிந்தது.

அந்த அம்மாள் அறியாதது என்ன? வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும், வேலை முடிந்து திரும்பும் வழியிலும் நேரும் விபத்து, சட்டப்படி வேலை விபத்துதான். ஆனால் நேர் வழியில் நடந்திருக்க வேண்டும். சொந்தக் காரியத்துக்காக வேறு பக்கம் திரும்பிப்போய் அடிபட்டால், அதை வேலை விபத்து என்று கேட்க முடியாது.

சொக்சோ 1969 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1971 இல் தொடங்கப்பட்டது. அதில் இரண்டு திட்டங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, வேலை விபத்துத் திட்டம். இதற்கு முதலாளி மட்டுமே பணம் கட்டுகிறார். வேலையில் அடிபட்டாலும், வேலையால் நோய் வந்தாலும் இது உதவும். இத்தனை மாதம் கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கு இதற்கு இல்லை. நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்கும் உண்டு. விபத்து நடந்த நாளையும் சேர்த்து, குறைந்தது 4 நாள் டாக்டர் விடுப்புக் கொடுத்திருந்தால், தினச் சம்பளக் கணக்கில் 80 சதவீதம் கிடைக்கும்.

இரண்டு, இயலாமைத் திட்டம். நம் சம்பளத்தில் பிடிப்பதும் முதலாளி போடும் சம பங்கும் இதற்குப் போகின்றன. சிறுநீரகம் கெட்டாலும், இருதயம் கெட்டாலும், வேலைக்குச் சம்பந்தமில்லாத நோயானாலும் சரி. இனி உழைத்துப் பிழைக்க முடியாது என்று வைத்தியக் குழு முடிவு செய்தால் மாதப் பென்ஷன் உண்டு. மனுக் கொடுக்கும்போது 60 வயதுக்கு உட்பட்டிருக்க வேண்டும். இங்கே மாதக் கணக்கு முக்கியம். மனுவுக்கு முந்திய 40 மாதங்களில் 24 மாதம் சந்தா கட்டப்பட்டிருந்தால் முழுத் தகுதி. அது இல்லாதவர்களுக்கு வேறு கணக்கும் உண்டு. ஆகவே, தகுதியில்லை என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள்.

இது யாருக்கு? தினச் சம்பளக்காரர், மாதச் சம்பளக்காரர், நிரந்தர ஆள், தற்காலிக ஆள் எல்லோருக்கும்தான். முன்பு 3,000 வெள்ளிக்கு மேல் வாங்கியவர்கள் வெளியே நிற்க முடிந்தது. 2016 ஜூன் முதல் அந்த வரம்பு எடுபட்டது. கிராணிமார்களும் இதைக் கவனிக்க வேண்டும். நம்மோடு நிரையில் நிற்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு 2019 ஜனவரி முதல் விபத்துத் திட்டமும், 2024 ஜூலை முதல் இயலாமைத் திட்டமும் வந்துவிட்டன. அவர்களுக்கும் இதை எடுத்துச் சொல்வது நம் கடமை.

காண்ட்ராக்டில் வெட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. "நீ என் ஆள், தோட்டத்து ஆள் அல்ல" என்று காண்ட்ராக்டர் சொல்லலாம். அவர் மூலம் வைத்த தொழிலாளிக்கும் சந்தா கட்டும் பொறுப்பு முதன்மை முதலாளிக்கு உண்டு. பணம் கட்டவில்லை என்று தெரிந்தால் பேசாமல் இராதீர்கள். விபத்து நடந்த பிறகு அது தெரிய வந்தாலும் மனுச் செய்யத் தயங்க வேண்டாம். கட்டாதது முதலாளியின் குற்றமே தவிர உங்கள் குற்றமல்ல.

சாதாரணக் காய்ச்சல், வயிற்றுவலிக்கு? அது சொக்சோ அல்ல, வேலைச் சட்டம். சேவை 2 வருடத்துக்குக் குறைவானால் வருடம் 14 நாள், 2 முதல் 5 வருடத்துக்குள் 18 நாள், 5 வருடமும் அதற்கு மேலும் ஆனால் 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் 60 நாள். ஆனால் விடுப்புத் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். சீட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மூன்றாம் நாள் கொடுத்தால் வீண் வழக்குத்தான்.

ஆகவே நான்கு காரியம் செய்யுங்கள்.

அடிபட்ட அன்றே கங்காணியிடமோ கிராணியிடமோ சொல்லுங்கள். விபத்தை 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிப்பது முதலாளியின் கடமை. நீங்கள் சொல்லாவிட்டால் அவர் எப்படி அறிவிப்பார்?

டாக்டரிடம் இடம், நேரம், எப்படி நடந்தது என்று மூன்றையும் சொல்லி எழுதச் சொல்லுங்கள். பார்த்தவர் பெயரைக் குறித்து வையுங்கள்.

சம்பளச் சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். பிஸ்கட் டின் ஒன்று போதும். அதில் போட்டு வையுங்கள்.

கணவன் மனைவி இருவரும் இதைப் பேசி வையுங்கள். தொழிலாளி வேலை விபத்தில் இறந்தால் துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் உதவித்தொகை உண்டு. அன்று காகிதத்தைத் தேட வேண்டியவர் வீட்டில் இருப்பவர்தான்.

கிராணிமார்களே, பெயரிலோ அடையாளக் கார்டு எண்ணிலோ நீங்கள் விடும் ஓர் எழுத்துப் பிழை, ஒரு குடும்பத்தை மாதக்கணக்கில் ஆபீஸ் படியேற வைக்கும். இருமுறை சரிபாருங்கள்.

அந்த அம்மாள் இன்று இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். "நான் பட்டதைச் சொல்லுங்கள், மற்றவர்கள் படவேண்டாம்" என்று அவர்தான் என்னைப் பேசச் சொன்னார். சந்தேகம் உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் சம்பளச் சீட்டோடு என்னிடம் வாருங்கள்.