இருதயக் குழாய்களைக் கத்தியின்றிக் காணும் முறைகள்

(திருவட்டாற்றில் நடந்த சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



நம் குடும்பங்களில் ஒருவர் படியேறும்போது நெஞ்சு இறுகுவதாகச் சொன்னால், வாயுவென்று சுக்குக் கஷாயம் கொடுத்து நாளைக் கடத்துகின்றோம். தாய்மார்கள் சொன்னாலோ செவிகொடுப்பாருமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் உடனே தொடை வழியாகக் குழாய் செலுத்திவிடுவார்கள் என்னும் பயமே இத்தாமதத்திற்கு ஒரு காரணம். அப்பயத்தை நீக்குதலே நமது நோக்கம்.

1906-ஆம் ஆண்டு கட்டி முடிந்த பேச்சிப்பாறை அணையின் நீர், கால்வாய் வழியே வந்து நம் வயல்களை விளைவிப்பதை யாவரும் அறிவோம். அவ்வாறே இருதயத் தசைக்கு இரத்தம் ஊட்டும் குழாய்கள் உண்டு. அவற்றின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து வழி குறுகுவதே இந்நோய். கால்வாய் தூர்ந்ததா என்றறியக் கால்வாயையே பார்க்கலாம். அன்றி, வயல் வாடுகிறதா என்றும் பார்க்கலாம். படப் பரிசோதனைகளும் இவ்விரு வகையினவே.

கால்வாயைப் பார்ப்பது சி.டி. ஆஞ்சியோகிராம். கை நரம்பில் மருந்தேற்றி எக்ஸ்ரே கதிர்களால் படமெடுப்பர். இருதயம் வரை யாதொரு குழாயும் செல்லாது. ஸ்காத்லாந்தில் நெஞ்சுவலியுற்ற 4,146 பேரிடம் நடத்திய ஆராய்ச்சியின் ஐந்தாண்டு முடிவு 2018-இல் வெளிவந்தது. வழக்கமான சிகிச்சையோடு இப்படமும் எடுக்கப்பட்டவரில், இருதயக் குழாய் நோயால் மரணமோ மாரடைப்போ அடைந்தவர் நூற்றுக்கு 2.3, மற்றவரில் 3.9. படம் கண்டு தக்க மருந்தைத் தொடங்கியதே இப்பயனுக்குக் காரணமென்பது ஆராய்ந்தோர் கருத்து.

வயலைப் பார்ப்பன, நடக்கவைத்தோ மருந்தாலோ இருதயத்தைத் துரிதப்படுத்தி எடுக்கும் எக்கோ, தாலியம் முதலிய கதிரியக்கப் பொருளைச் சிறிதளவு ஏற்றி எடுக்கும் ஸ்கேன், எம்.ஆர்.ஐ. ஆகியவை. ஓய்வில் எடுத்த எக்கோ நன்றாயிருப்பதுகொண்டு அடைப்பே இல்லையென்று இருந்துவிடலாகாது. நீர் அதிகம் வேண்டாத காலத்தில் வயல் வாடுவதில்லையன்றோ?

எது எவர்க்கு ஏற்றதென்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். சிறுநீரக வியாதி, மருந்து ஒவ்வாமை, கர்ப்பம், உடலில் பேஸ்மேக்கர் இவற்றை அவரிடம் மறைக்கலாகாது. அடைப்பு மிகுதியெனத் தெரிந்தால் குழாய்ப் பரிசோதனையும் வேண்டியிருக்கலாம். ஆயினும் முதற்படியிலேயே எல்லோர்க்கும் அது வேண்டுவதன்று.

ஒன்றை மறவாதீர்கள். ஓய்விலும் தீராத நெஞ்சுவலியோடு வியர்வையும் மூச்சுத்திணறலும் கண்டால், ஸ்கேனுக்கு நாள் குறிக்கும் நேரமன்று அது. 108-ஐ அழைத்து ஆஸ்பத்திரி சேர்ந்து உடனே ஈ.சி.ஜி. எடுத்தல் வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி நமக்கு எட்டாத தூரத்திலில்லை.

வீடுதோறும் இதனை எடுத்துரைப்பது அங்கத்தினர் ஒவ்வொருவரின் கடமையாகும்.