கவனம் சிதறிய மாணவர்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிய உணவுக்குப் பிந்தைய நேரத்தை எனக்கு ஒதுக்கிய ஒருங்கிணைப்பாளருக்கு நன்றி. சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள், அட்டவணை, வரைபடம் எதுவும் காட்டப்போவதில்லை. ஒரே ஒரு மாணவரைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

மாணவர் பெயர் சத்யஜித் ரே. திரைப்பட இயக்குநராக அவரை நமக்குத் தெரியும். 1992-இல் ஆஸ்கர் கௌரவ விருதும் பாரத ரத்னாவும் பெற்றவர். நான் பேசப்போவது அந்தப் பெரியவரைப் பற்றி அல்ல. 1940-இல் ஓவியம் படிக்கச் சாந்திநிகேதன் போய், 1942 டிசம்பரில் படிப்பை முடிக்காமலேயே கல்கத்தா திரும்பிய இளைஞரைப் பற்றி. அது ஐந்தாண்டுப் படிப்பு. அவர் இருந்தது ஏறத்தாழ இரண்டரை ஆண்டு. இன்று நம் எமிஸ் தளத்தில் பதிவேற்றினால் 'இடைநின்றவர்' என்ற கட்டத்தில்தான் டிக் அடிப்போம்.

அவர் பிறந்தது 1921-இல். தாத்தா உபேந்திர கிஷோர் எழுத்தாளர், ஓவியர், அச்சுக்கலையில் புதிய முறைகளை ஆராய்ந்தவர். 1913-இல் குழந்தைகளுக்காக 'சந்தேஷ்' என்ற இதழைத் தொடங்கினார். வங்கமொழியில் அந்தச் சொல்லுக்குச் செய்தி என்றும் பொருள், ஒரு பால் இனிப்புக்கும் அதே பெயர். இதழுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது என்று நினைக்கிறேன். தந்தை சுகுமார் ரே, பொருளற்றது போலத் தோன்றும் வேடிக்கைப் பாடல்களில் வங்கத்தின் பெரிய பெயர். சத்யஜித்துக்கு இரண்டு வயதானபோது தந்தை இறந்துவிட்டார். அச்சகமும் கைவிட்டுப் போனது. தாயார் சுப்ரபா மகனுடன் தம் சகோதரர் வீட்டுக்கு வந்து, தையற்கலை கற்றுக்கொடுத்துச் சம்பாதித்தார். ஒற்றைப் பெற்றோர், மாமா வீட்டில் வளரும் பிள்ளை, அரசுப் பள்ளி. நம் வகுப்பில் இப்படி எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

பள்ளிப் பையனாக இருந்தபோதே அவருக்கு மேலைநாட்டுச் செவ்வியல் இசையில் பைத்தியம். சிறு வயதில் கிடைத்த பொம்மை கிராமபோனில் தொடங்கியது. பிறகு கையில் காசு சேர்ந்தால் இசைத்தட்டு வாங்குவார். பீத்தோவன் பற்றித் தேடித் தேடிப் படித்தார். பக்கத்தில் அதே ஆர்வமுள்ள நண்பர்கள் கிடைப்பது அரிது. புகைப்படம் எடுத்தார். சினிமா பார்த்துவிட்டு வந்து நோட்டில் குறிப்பு எழுதினார். கல்லூரியில் இரண்டு ஆண்டு அறிவியல், பிறகு பொருளாதாரம். பொருளாதாரம் பிடித்துச் சேர்ந்ததில்லை. வேலைக்கு வழி உண்டு என்று குடும்ப நண்பர் ஒருவர் சொன்னதால் சேர்ந்தது. பதினெட்டு வயதில் பட்டம் வாங்கியாயிற்று. என்ன செய்வது என்று தெரியவில்லை. சாந்திநிகேதனுக்கு அனுப்ப விரும்பியவர் தாயார்தான். பையனுக்குப் பெரிய விருப்பமில்லை. நகரத்தை விட்டு, சினிமாக் கொட்டகையை விட்டு, அந்தப் பொட்டல் வெளிக்கு யார் போவது?

போனார். கலாபவனில் நந்தலால் போஸ் தலைமை. மாணவர்கள் அவரை 'மாஸ்டர் மோஷாய்' என்று அழைப்பார்கள். நம் ஊரில் 'வாத்தியார் ஐயா' என்பது போல. நந்தலால் மரம் வரையக் கற்றுக்கொடுத்ததை ரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். மரத்தை மேலிருந்து கீழே வரையாதே, மரம் கீழிருந்து மேலேதானே வளர்கிறது, உன் தூரிகையும் அப்படியே போகட்டும் என்பது அந்தப் பாடத்தின் சாரம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். நான் ஓவிய ஆசிரியர் அல்ல. பி.எட். படித்த சமூக அறிவியல் ஆசிரியர். இதைப் படித்த மறுவாரம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை எங்கள் பள்ளி வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, வேரிலிருந்து தொடங்கி வரையச் சொன்னேன். முதலில் எல்லோரும் வழக்கம்போல் மேலே ஒரு பச்சை மேகம் போட்டு, கீழே இரண்டு கோடு இழுத்தார்கள். 'கீழேயிருந்து' என்று மறுபடி சொன்னதும் வேகம் குறைந்தது. அடிமரம் எங்கே பிரிகிறது என்று எழுந்துபோய்ப் பார்த்தார்கள். 'டீச்சர், இந்தக் கிளை செத்துப்போச்சு, இதுல இலையே இல்ல' என்றாள் ஒருத்தி. மூன்று ஆண்டாக அந்த மரத்தடியில் காலை வணக்கக் கூட்டம் நடத்துகிறேன், அந்தக் கிளை என் கண்ணில் பட்டதில்லை. அன்று நடந்தது ஓவிய வகுப்பா, அறிவியல் வகுப்பா என்று என்னால் சொல்ல முடியவில்லை. பாடக்குறிப்பில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதும் பெரிய சங்கடமாகப் போயிற்று, அது வேறு கதை.

சாந்திநிகேதனில் இன்னோர் ஆசிரியர் பினோத் பிஹாரி முகர்ஜி. பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லை. மறு கண்ணிலும் மிகக் குறைந்த பார்வை. விடுதியின் கூரை உட்புறம் முழுவதும் வீர்பூம் மாவட்டத்துக் கிராமக் காட்சிகளை அவர் வரைந்து முடித்த ஆண்டிலேயே ரே அங்கே போய்ச் சேர்ந்தார். மரம், குளம், மாடு, மனிதர், பறவை எல்லாம் தலைக்கு மேலே. புதிதாக வந்த மாணவருக்கு யாரும் உரையாற்ற வேண்டியிருக்கவில்லை, அண்ணாந்து பார்த்தால் போதும்.

ஓவியப் பாடத்துக்கு வெளியே அவருக்குக் கிடைத்தவையும் முக்கியம். ஜெர்மனியிலிருந்து வந்து அங்கே ஆங்கிலம் கற்பித்த அலெக்ஸ் ஆரன்சன் என்ற யூத ஆசிரியர், இசை கேட்பதில் துணையானார். நூலகத்தில் திரைப்படக் கலை பற்றிய சில புத்தகங்கள் இருந்தன. கொட்டகையே இல்லாத ஊரில் சினிமாவைப் புத்தகத்தில் படித்தார் இந்த மாணவர்! சக மாணவர்கள் மூவருடன் அஜந்தா, எல்லோரா என்று குகைகளையும் கோயில்களையும் பார்க்கப் பயணம் போனார். சீன, ஜப்பானிய ஓவியங்களில் தூரிகை ஒரே இழுப்பில் செய்யும் வேலையை அங்கேதான் ரசிக்கக் கற்றார். ஒரு பேராசிரியர் கறாராகப் பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பார்? 'திறமை உண்டு, ஒருமுகமான கவனம் இல்லை.' நம் மதிப்பெண் அட்டைகளில் நாம் எழுதுகிற அதே வரி.

தாம் ஓவியராகப் போவதில்லை என்பதும் அங்கேதான் அவருக்குப் புரிந்தது. கல்கத்தாவில் ஜப்பான் குண்டு போட்ட சமயத்தில் ஊர் திரும்பினார். 1943-இல் டி.ஜே.கீமர் என்ற விளம்பர நிறுவனத்தில் வேலை, மாதம் 80 ரூபாய். கூடவே சிக்னெட் பதிப்பகத்துக்கு அட்டைப்படங்கள். அங்கேதான் 'பதேர் பாஞ்சாலி' நாவலின் சிறுவர் பதிப்புக்குப் படம் வரையும் வேலை வந்தது. வரைந்துகொண்டிருக்கும்போதே கதை கண்ணில் காட்சியாக ஓடியிருக்கிறது. பத்தாண்டு கழித்து, 1955-இல், அது படமானது. முழுத் திரைக்கதை எழுதிய கட்டு ஒன்றும் கையில் இல்லை. காட்சிகளை மையால் வரைந்த ஒரு நோட்டுத்தான் இருந்தது. பணம் போதாமல் போனபோது அவர் விற்றவை என்ன தெரியுமா? ஆண்டுக்கணக்காகச் சேர்த்த இசைத்தட்டுகளும் ஓவியப் புத்தகங்களும். பள்ளிக்கூடத்தில் 'கவனச் சிதறல்' என்று சொல்லப்பட்டிருக்கக்கூடிய பொருள்கள் அவை.

அந்தப் படத்தில் ஓர் இடம். மகள் துர்கா இறந்த பிறகு, வெளியூர் போயிருந்த தகப்பன் பிள்ளைகளுக்கு வாங்கிவந்ததை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவான். மகளுக்கு வாங்கிய சேலையைக் கையில் வாங்கியதும் தாய் வெடித்து அழுவாள். அழுகைச் சத்தம் நமக்குக் கேட்காது. வாய் திறக்கும், அங்கே தார் ஷெனாய் என்ற நரம்பு வாத்தியத்தின் உச்சஸ்தாயி ஒலிக்கும். இசையமைத்தவர் ரவிசங்கர். எந்த இடத்தில் மனிதக் குரலை நிறுத்திவிட்டு வாத்தியத்தைப் பேசவிட வேண்டும் என்று தெரிந்தவர், பதிமூன்று வயதில் கிராமபோன் முன்னால் உட்கார்ந்திருந்த பையன். 1961-இல் 'தீன் கன்யா' முதல் தம் படங்களுக்குத் தாமே இசையமைக்கத் தொடங்கினார்.

விசித்திரமான யோசனைகளுக்கும் குறைவில்லை. 1961-இல் நின்றுபோயிருந்த 'சந்தேஷ்' இதழை மறுபடி கொண்டுவந்தார். அதற்காகக் கதை எழுதினார், படம் வரைந்தார், புதிர் போட்டார். வினோதக் கருவிகள் செய்யும் ஷோங்கு என்ற விஞ்ஞானியும் ஃபெலுடா என்ற துப்பறிவாளரும் அந்த இதழில் பிறந்தவர்கள். 'ரே ரோமன்' என்று ஆங்கில எழுத்துருவே ஒன்று வடிவமைத்தார். 1969-இல் தாத்தாவின் கதையை 'கூப்பி காயேன் பாகா பாயேன்' என்ற படமாக எடுத்தார். அதில் பேய்கள் ஆடும் ஆட்டம் ஒன்று வரும். அரசர், உழவர், வெள்ளைக்காரர், தொந்திக்காரர் என்று நான்கு வகைப் பேய்கள். அதற்குப் பின்னால் ஒலிப்பவை நம் வாத்தியங்கள்: மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங். வங்காளப் பேய்களுக்குக் கர்நாடக இசையின் தாளம்! எட்டாம் வகுப்பில் இதைப் போட்டுக் காட்டினேன். மொழி புரியாமலேயே பெஞ்சில் தாளம் போட்டார்கள். பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்தது.

இங்கே ஒரு கேள்வி எழும். தேநீர் வேளையிலேயே ஒரு நண்பர் கேட்டுவிட்டார்: 'எல்லாம் சரி, எல்லாப் பிள்ளையும் சத்யஜித் ரே ஆகிவிட முடியுமா?' முடியாது. அவருக்குத் தாத்தாவின் பெயர் இருந்தது, வீடு நிறையப் புத்தகம் இருந்தது, தாகூர் குடும்பத்தோடு பழக்கம் இருந்தது. நம் பிள்ளைகளுக்கு அது இல்லை. அதனால்தான் நான் இதைப் பேசுகிறேன். அவருக்கு வீட்டில் கிடைத்ததில் பாதியாவது நம் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டுமென்றால் பள்ளியைத் தவிர வேறு இடம் இல்லை.

என் ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவன். அப்பா பறை அடிப்பவர். பையன் கணக்கு நோட்டின் பின்பக்கம் முழுவதும் முகங்கள் வரைந்து வைத்திருக்கிறான். எங்கள் ஊழியர் அறையில் யாருடைய முகத்தையும் அவன் விட்டுவைக்கவில்லை. என் மூக்குக் கண்ணாடி கொஞ்சம் பெரிதாகவே வந்திருக்கிறது. 'வெற்றிடத்தில் பறை அடித்தால் தோல் அதிருமா, சத்தம் மட்டும் வராதா?' என்று அறிவியல் ஆசிரியரிடம் கேட்டவனும் அவன்தான். மதிப்பெண் நாற்பதைச் சுற்றியே நிற்கிறது. பெற்றோர் கூட்டத்தில் அவன் அம்மா கேட்டார்: 'டீச்சர், படம் போடுறான், தட்டுறான், கேள்வி கேக்குறான். இதையெல்லாம் வச்சு இவன் எதுக்கு ஆவான்? பத்தாவதோட நிறுத்திடலாம்னு அவங்க அப்பா சொல்றாரு.'

அந்த அம்மாவிடம் ரேயைப் பற்றிப் பேசிப் பயனில்லை. சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் இருப்பதைச் சொன்னேன். சென்னையில் இருப்பது 1850-இல் தொடங்கியது. பிளஸ் டூ முடித்தால் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு. ஓவியம் உண்டு, சிற்பம் உண்டு, காட்சித் தொடர்பு வடிவமைப்பும் உண்டு. தரமணியில் அரசுத் திரைப்படக் கல்லூரி இருக்கிறது. அந்த அம்மா இதை எதிர்பார்க்கவில்லை. 'படம் போடுறதுக்குக் காலேஜா? கவர்மெண்டு காலேஜா?' என்று இரண்டு முறை கேட்டார். முடிவு இன்னும் வரவில்லை. அடுத்த மாதம் அவன் அப்பாவைப் பார்க்கப் போகிறேன், கணக்கு ஆசிரியரும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். மதிப்பெண் நாற்பதில் நின்றால் எந்தக் கல்லூரிக் கதவும் எளிதில் திறக்காது என்பதையும் பையனிடம் சொல்லியாக வேண்டுமே.

நம் கையில் ஒன்றும் இல்லாமல் இல்லை. கலைத் திருவிழா நடக்கிறது, பள்ளிகளில் சிறார் திரைப்படம் போடுகிறோம், 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்கள் வருகின்றன. என் மனக்குறை ஒன்றுதான். திருவிழா முடிந்ததும் ஓவியப் பாடவேளை திருப்புதல் தேர்வுக்குப் போய்விடுகிறது. இதழ்கள் சில இடங்களில் கட்டுப் பிரிக்காமல் பீரோவில் இருக்கின்றன. பாடம் முடிக்க வேண்டிய நெருக்கடி எனக்கும் உண்டு, மார்ச் மாதம் எனக்கும் வரும். ஆனாலும் வாரத்தில் அந்த ஒரு பாடவேளையை யாருக்கும் கடன் கொடுக்கக் கூடாது என்று தலைமையாசிரியர்களிடம் இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

ரே பதினான்கு வயதில், 1935-இல், கல்கத்தாவில் நம் பாலசரஸ்வதி ஆடியதைப் பார்த்தார். நாற்பது ஆண்டு கழித்து, 1976-இல், அவரைப் பற்றி 'பாலா' என்ற ஆவணப்படம் எடுத்தார். நம் மாநில அரசும் அதன் தயாரிப்பில் பங்கு கொண்டது. கடற்கரையில் காற்று வீச, பாலசரஸ்வதி ஆடுவது அதில் இருக்கிறது. அதை இன்னொரு கூட்டத்தில் பார்க்கலாம்.

இன்று நான் கொண்டுவந்திருப்பது வேறொரு படம். பினோத் பிஹாரி 1950-களில் மிச்சமிருந்த பார்வையையும் முழுவதுமாக இழந்தார். அதன் பிறகும் காகிதத்தை வெட்டி ஒட்டினார், சிற்பம் செய்தார், ஓடுகளைக் கொண்டு ஒரு சுவரையே நிரப்பினார். 1972-இல் பழைய மாணவர் கேமராவோடு ஆசிரியரைத் தேடிப் போனார். படத்தின் பெயர் 'த இன்னர் ஐ', அகக்கண் என்று சொல்லலாம். இருபது நிமிடம். வர்ணனை ஆங்கிலத்தில், ரேயின் குரலிலேயே இருக்கும். தேவையான இடத்தில் நிறுத்தித் தமிழில் சொல்கிறேன். ஜன்னல் பக்கம் இருப்பவர்கள் கதவுகளைச் சாத்திவிட்டால் திரை தெளிவாகத் தெரியும்.