பரிசுச் சீட்டும் பிள்ளைகள் படிப்பும்

(அனுமந்தையில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் எங்கள் களப்பணிக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் கல்லூரிக் கட்டணத்துக்கு உள்கடன் கொடுப்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அப்போது ஒரு அக்கா எழுந்து, "கேரளாவில அரசாங்கமே லாட்டரி விக்குதாம். அமெரிக்காவில லாட்டரிப் பணத்துலயே பிள்ளைங்களைக் காலேஜ் படிக்க வைக்கிறாங்களாம். எங்க வீட்டுக்காரர் செல்போனில பார்த்துட்டுச் சொல்றார். அப்ப இங்க மட்டும் ஏன் தப்பு?" என்று கேட்டாங்க. நாலைந்து பேர் சிரித்தோம். ஆனால் சிரித்து விட்டுவிடக்கூடிய கேள்வி இல்லை அது. நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடித்தான் இன்றைக்கு வந்திருக்கிறோம்.

முதலில் நம்ம ஊர்க் கதை. தமிழ்நாட்டிலும் அரசாங்கம் லாட்டரி நடத்தியது. 1968-ல், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது தொடங்கினார்கள். விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்று அப்போது சொல்வார்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியம்மாக்களுக்கு ஞாபகம் இருக்கும். 1975-ல் கலைஞர் ஆட்சியில் அதை நிறுத்தினார்கள். 1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி வந்தது. 2003 ஜனவரியில் ஜெயலலிதா ஆட்சியில் எல்லா லாட்டரியையும், வெளி மாநிலச் சீட்டு, ஆன்லைன் சீட்டு உட்பட, தடை செய்தார்கள். அன்றைக்குத் தெருவில் சீட்டு விற்றுப் பிழைத்த மாற்றுத்திறனாளிகளும் வயதானவர்களும் பிழைப்பை இழந்தார்கள் என்பதையும் சொல்லித்தான் ஆகணும். இன்னொன்று: அதே 2003-ம் வருஷம் கடைசியில்தான் சாராயச் சில்லறை விற்பனையை டாஸ்மாக் மூலம் அரசே எடுத்துக்கொண்டது. ஒரு கதவை மூடி இன்னொரு கதவைத் திறந்த கதை. அதைப் பற்றி இந்தக் கூட்டத்தில் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

சரி, கேரளாவில் எப்படி நடக்குது? அங்கே 1967-ல் தொடங்கினார்கள். முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26. சீட்டு ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய். லாட்டரிக்கென்று அரசில் தனி இயக்குநரகமே இருக்கிறது. 2025-ல் சாதாரணச் சீட்டு விலையை 40-லிருந்து 50 ரூபாய் ஆக்கினார்கள். குலுக்கல் திருவனந்தபுரத்தில், நடுவர்கள் முன்னால், எல்லோரும் பார்க்க நடக்கும்.

இதெல்லாம் அவர்கள் இஷ்டத்துக்குச் செய்வதில்லை. 1998-ல் நாடாளுமன்றம் லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்க, பின்னால் தேவைப்படும். சீட்டை மாநில அரசுதான் அச்சடிக்கணும், அரசின் முத்திரை அதில் இருக்கணும். விற்ற பணம் அரசின் பொதுக் கணக்கில் சேரணும். குலுக்கலை அரசே, அந்த மாநிலத்துக்குள்ளேயே நடத்தணும். பரிசு விழுந்தவர் குறிப்பிட்ட காலத்துக்குள் வராவிட்டால் அந்தப் பணம் அரசுக்குச் சொந்தம், இடையில் யாரும் எடுத்துக்க முடியாது. ஒரு லாட்டரிக்கு வாரத்தில் ஒரு குலுக்கல்தான். அதனால்தான் கேரளாவில் நாளுக்கு ஒரு பெயரில் சீட்டு வருது. அதில் ஒன்றுக்குப் பெயர் 'ஸ்த்ரீ சக்தி'. பெண் சக்தியாம்! பெயர் வைத்தவரை இந்தக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் நன்றாக இருக்கும்.

முக்கியமான இன்னொரு விதி: ஒற்றை நம்பருக்கும், முன்கூட்டியே அறிவித்த நம்பருக்கும் பரிசு கொடுக்கக் கூடாது. லாட்டரி வேண்டாம் என்று முடிவு செய்த மாநிலம் மற்ற மாநிலச் சீட்டும் உள்ளே வரக் கூடாது என்று தடுக்கலாம். அது செல்லும் என்று 1999-ல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. ஆனால் ஒரு நிபந்தனை: அந்த மாநிலம் தானும் லாட்டரி நடத்தக் கூடாது. தமிழ்நாடு 2003-ல் செய்தது அதைத்தான். தடையை மீறி விற்றால் இரண்டு ஆண்டு வரை சிறை.

இப்போது பணம் எங்கே போகுதுன்னு பார்ப்போம். 50 ரூபாய் சீட்டின் விலைக்குள்ளேயே ஜி.எஸ்.டி. இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் லாட்டரிக்கு அது 40 சதவீதம். மீதியில் பெரும் பகுதி பரிசுக்கும் விற்பவர் கமிஷனுக்கும் போய்விடும். அரசுக்கு நிற்பது வரியில் அதன் பங்கும், செலவு போக மிஞ்சும் லாபமும். பரிசு 10,000 ரூபாயைத் தாண்டினால் 30 சதவீதம் வருமான வரியும் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். அப்படிச் சேரும் பணத்தால் நல்லதும் நடந்திருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டோம். 'காருண்யா' என்ற சீட்டின் வருமானத்தை வைத்து ஏழைகளின் புற்றுநோய், இதயம், சிறுநீரக சிகிச்சைக்கு உதவி கொடுத்தார்கள். சீட்டு விற்பவர்களுக்கு நலநிதி வாரியம் இருக்கிறது, அதில் உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகையும் உண்டு.

அந்த அக்கா வீட்டுக்காரர் பார்த்தது அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலமாக இருக்கும் என்று நினைக்கிறோம். 1992-ல் அங்கே மக்களிடம் ஓட்டெடுப்பு நடத்தி, 1993-ல் லாட்டரி தொடங்கினார்கள். ஆளுநர் செல் மில்லர் என்பவர், இந்தப் பணம் முழுக்கப் படிப்புக்குத்தான் என்று வாக்குறுதி கொடுத்துத்தான் ஓட்டு வாங்கினார். அந்த ஊரில் ஆளுநர் என்றால் நம்ம முதலமைச்சர் மாதிரி, மக்கள் தேர்ந்தெடுப்பவர். நிர்வாகத்துக்குத் தனி அரசு நிறுவனம், ஏழு பேர் கொண்ட குழு. லாபம் கல்விக்கென்றே உள்ள தனிக் கணக்கில் விழும், ரோடு போட, சம்பளம் கொடுக்க என்று எடுக்க முடியாது. அதிலிருந்து 'ஹோப்' என்ற கல்லூரி உதவித்தொகையும், நாலு வயதுக் குழந்தைகளுக்கான முன்பருவப் பள்ளியும் நடக்குது. இதுவரை 2,500 கோடி டாலருக்கு மேல் கல்விக்குப் போயிருக்கிறது. நம்ம குழுக் கணக்கு மாதிரி, எந்தப் பணம் எதற்கு என்று பிரித்து எழுதியிருக்கிறார்கள். அந்த ஒழுங்கைப் பாராட்டத்தான் வேணும்.

ஆனால் நாம் ஒரு கேள்வி கேட்டுப் பழகியவர்கள். கடன் யாருக்குப் போச்சு, தவணை யார் கட்டினது? அதையே அங்கேயும் கேட்டுப் பாருங்க.

ஹோப் உதவித்தொகை நல்ல மதிப்பெண் எடுத்தவர்களுக்கு. தொடங்கியபோது குடும்ப வருமானத்துக்கு ஒரு வரம்பு வைத்திருந்தார்கள், ஆண்டுக்கு 66,000 டாலர். அடுத்த வருஷம் அதை ஒரு லட்சம் டாலராக உயர்த்தினார்கள். 1995-ல் வரம்பையே எடுத்துவிட்டார்கள். பணக்காரர் பிள்ளையும் வாங்கலாம் என்று ஆனது. டியூஷன், நல்ல பள்ளிக்கூடம், வீட்டில் தனி அறை இருக்கிற பிள்ளைக்கு மதிப்பெண் எடுப்பது சுலபம். சீட்டு வாங்கியவர்கள் யார்? ஆராய்ந்து பார்த்தவர்கள் கண்டது, வருமானம் குறைந்தவர்கள்தான் தங்கள் வருமானத்தில் அதிகப் பங்கை லாட்டரிக்குக் கொடுக்கிறார்கள், உதவித்தொகையோ வசதியான வீடுகளுக்கு அதிகம் போகிறது என்று. வேலைக்காரம்மா காசில் முதலாளியம்மா பிள்ளை படித்த மாதிரி. 2011-ல் கல்லூரிச் செலவு ஏறி, லாட்டரிப் பணம் போதாமல், முழுக் கட்டணமும் வேணுமானால் இன்னும் கூடுதல் மதிப்பெண் எடுக்கணும் என்று மாற்றினார்கள். அதில் முதலில் யார் பிள்ளை கழிந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

கணக்கு சுத்தமாக இருக்கிற இடத்திலேயே இந்த நிலைமை என்றால், நம்ம கடற்கரையில் நடப்பதை என்ன சொல்வது?

மூணு நம்பர் லாட்டரி. பெயரைச் சொன்னதும் பாதிப் பேர் தலையைக் குனிகிறீர்கள். கேரளச் சீட்டின் முடிவு வருவதற்கு முன்பே, அதன் கடைசி மூன்று எண்ணை வைத்து இங்கே பணம் கட்டுவது. சற்று முன் சொன்ன சட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்க. அச்சடித்த சீட்டு கிடையாது, துண்டுக் காகிதம் இல்லாவிட்டால் வாட்ஸ்அப். அரசு முத்திரை கிடையாது. பணம் எந்தக் கணக்கிலும் சேராது. பெரிய பரிசு விழுந்தால் ஆள் ஊரை விட்டே போய்விடுவான், எந்த அலுவலகத்தில் போய்க் கேட்பீர்கள்? இதில் போகிற காசில் ஒரு பைசாகூட எந்தப் பிள்ளையின் படிப்புக்கும் வராது.

கணக்கைக் கையால் போட்டுப் பார்ப்போம். 000-லிருந்து 999 வரை ஆயிரம் எண்கள். ஒரு எண்ணுக்கு 50 ரூபாய், விழுந்தால் 25,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் எண்ணும் விற்றால் அவனுக்கு வருவது 50,000. கொடுப்பது 25,000. மீதி 25,000 அவனுக்கு, ஒரே நாளில். நாம் தினம் ஒன்று வாங்கினால் ஆயிரம் நாளில், அதாவது ஏறக்குறைய மூன்று வருஷத்தில், ஒரு முறை விழலாம், விழாமலும் போகலாம். நேற்று விழவில்லை, அதனால் இன்றைக்கு விழும் என்பதெல்லாம் நம் மனசு சொல்கிற கதை, நம்பருக்கு அது தெரியாது. தினம் 50 என்றால் மாதம் 1,500, வருஷத்துக்கு 18,000. திண்டிவனம் கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி மாதிரி ஒரு அரசுக் கல்லூரியில் ஒரு வருஷக் கட்டணம் இதில் சின்னப் பங்குதான்.

மழை வந்தால் அளம் மூடிவிடும். பாத்தியில் வேலை இல்லாத அந்த மூன்று மாதத்தில்தான் இந்த ஆட்கள் அதிகம் சுற்றுகிறார்கள். கையில் காசு இல்லாதபோதுதான் நம்பர் கனவு பெரிதாக வரும். அது பேராசை என்று யாரையும் திட்ட எங்களுக்கு மனசு வரவில்லை. மகளுக்குக் கட்டணம் கட்ட வேற வழி தெரியாமல் கட்டியவர்களையும் பார்த்திருக்கிறோம். 2019 டிசம்பரில் விழுப்புரத்தில், இந்த நம்பரில் பணம் இழந்து கடனில் மூழ்கிய ஒருவரின் குடும்பமே, குழந்தைகளோடு சேர்த்து, இல்லாமல் போனதை நம்ம மாவட்டம் மறக்காது. கடன் கழுத்தை நெரிக்கிற மாதிரி இருந்தால் தயவுசெய்து குழுவில் வாய்விட்டுச் சொல்லுங்க. இரவு நேரமானாலும் 104-க்குப் போன் செய்து பேசலாம்.

அப்படியானால் கல்லூரிப் பணத்துக்கு வழி? அரசாங்கம் ஏற்கெனவே ஒதுக்கியிருக்கிற பணம் இருக்கிறது. அது நம்ம வரிப் பணம். நாம எங்கே வரி கட்டறோம் என்று கேட்பீர்கள். சோப்பில் கட்டுகிறோம், பிஸ்கட்டில் கட்டுகிறோம். நாம வாருகிற உப்புக்கு ஜி.எஸ்.டி. கிடையாது! வரியில் ஏழைக்கும் பாரம் உண்டுதான், ஆனால் லாட்டரி மாதிரி அது ஏழைக் கனவிலிருந்து மட்டும் எடுப்பதில்லை.

மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் முன்பு திருமண உதவி இருந்தது, பணமும் தாலிக்குத் தங்கமும். அதை மாற்றி 2022 செப்டம்பர் 5-ல் 'புதுமைப்பெண்' உயர்கல்வித் திட்டமாகத் தொடங்கினார்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண், பட்டம், டிப்ளமோ, ஐ.டி.ஐ. எதில் சேர்ந்தாலும், முடிக்கும் வரை மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கிலேயே வரும் என்பது திட்டம். பிறகு அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களையும் சேர்த்தார்கள். இதில் குலுக்கல் இல்லை பாருங்க. தகுதி உள்ள ஒவ்வொரு பெண்ணுக்கும் விழும் சீட்டு இது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளுக்கு, குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. குடும்பத்தில் முதல் பட்டதாரி, கவுன்சிலிங் மூலம் தொழிற்படிப்பில் சேர்ந்தால் கல்விக் கட்டணச் சலுகை. வங்கிக் கல்விக் கடனில் 4 லட்சம் ரூபாய் வரை சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது. கேட்டால் எந்தக் கிளை, எந்தத் தேதி என்று தீர்மான நோட்டில் எழுதிக் கொண்டு வாருங்க, பேசுவோம்.

பிளஸ் டூ முடிக்கிற பிள்ளை உள்ள வீடுகளின் பட்டியலை ஒவ்வொரு குழு ஊக்குநரும் இந்த மாதம் எழுதுங்க. பிள்ளை பெயரிலேயே வங்கிக் கணக்கு இருக்கணும், ஆதார் அதில் இணைந்திருக்கணும். இங்கேதான் நிறையப் பேருக்குப் பணம் நிற்குது. வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றுக்கும் இ-சேவை மையத்தில் பதியலாம், பிறகு மரக்காணம் வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளலாம். புதுமைப்பெண்ணுக்கு நாம அலைய வேண்டாம், சேர்ந்த கல்லூரியிலேயே அதற்குப் பொறுப்பாளர் இருப்பார், அவரிடம் பிள்ளை பதியணும். அளத்து வேலை நாளில் தனித்தனியாகப் போய்க் கூலியை இழக்காமல், ஒரே நாள் பேசி வைத்து ஆட்டோ பிடித்துச் சேர்ந்து போய் வருவோம்.