வீட்டுக் கணினியில் பிறக்கும் பாட்டு

ஒரு காலத்தில் ஒரு பாடலை உருவாக்க இருபது, முப்பது வாத்தியக் கலைஞர்களும் வாடகைக்கு எடுத்த ஒலிப்பதிவுக் கூடமும் வேண்டியிருந்தன. இன்று ஒரு மாணவரின் மடிக்கணினியே அந்த வேலையைச் செய்கிறது. கருவி வந்துவிட்டது, அதில் நம் இசை வருகிறதா என்பதே கேள்வி.

இந்த மாற்றத்திற்கு வித்திட்டது 1983-இல் அறிமுகமான 'மிடி' முறை. எந்த விசை, எவ்வளவு வேகமாக, எவ்வளவு நேரம் அழுத்தப்பட்டது என்பதை அது எண்களாகக் கணினிக்குச் சொல்கிறது. பதிவாவது ஒலியன்று, குறிப்பு மட்டுமே. அதனால் புல்லாங்குழலுக்கு வாசித்ததை நொடியில் வயலினாக மாற்றலாம். தவறிய ஒரு சுரத்தை மட்டும் திருத்தலாம்.

வீட்டில் பெரிய இசை பிறக்குமா என்ற ஐயம் வேண்டாம். ஏ.ஆர்.ரகுமான் 1989-இல் தம் வீட்டை ஒட்டி அமைத்த கூடத்தில்தான் 1992-இல் வெளிவந்த 'ரோஜா' பாடல்கள் உருவாயின. அமெரிக்காவில் பில்லி ஐலிஷும் அவர் அண்ணன் ஃபினியஸும் வீட்டுப் படுக்கையறையில் உருவாக்கிய இசைத்தொகுப்பு 2020-இல் கிராமி விருது வென்றது.

ஆனால், தமிழ்ப் பாடலுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. மென்பொருளின் திரையில் ஒவ்வொரு சுரமும் தனித்தனிக் கட்டமாக நிற்கும். நம் இசையிலோ சுரம் அசையும், வழுக்கும். தோடியின் காந்தாரத்தை அசைவின்றி ஒரே கட்டத்தில் நிறுத்தினால் அது தோடியாக ஒலிக்காது. கமகத்தைக் கொண்டுவர 'பிட்ச் பெண்ட்' சக்கரத்தைப் பழக வேண்டும். வழக்கமாக அது சுரத்தை மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம் வரை மட்டுமே நகர்த்தும். பல மென்பொருள்களில் அந்த எல்லையைக் கூட்டிக்கொள்ளலாம். அதுபோலவே, மிருதங்க அடிகளையெல்லாம் 'குவாண்டைஸ்' செய்து அளவுகோல் வைத்ததுபோல் நிறுத்தினால், வாசிப்பின் நெளிவுசுளிவு போய்விடும்.

தொடங்குவோர் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. ஆப்பிள் கணினியில் 'காராஜ்பேண்ட்', மற்றவற்றில் 'எல்.எம்.எம்.எஸ்.' ஆகியவை இலவசம். முதலில் மெட்டை வாய்விட்டுப் பாடிக் கைப்பேசியில் பதியுங்கள். பிறகு சுருதியையும் தாளத்தையும் முடிவு செய்யுங்கள். வாத்தியங்கள் கடைசியில் வரட்டும். மென்பொருளில் உள்ள ஆயத்தத் தாளம் ஆயிரம் பேர் கையிலும் இருக்கும். மெட்டு மட்டுமே உங்களுடையது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கணினி வந்துவிட்டது என்று பிள்ளைகளின் பாட்டு வகுப்பை நிறுத்திவிடாதீர்கள். மென்பொருள் ஐம்பது வயலின்களைத் தரும். எந்த இடத்தில் ஒரே ஒரு வயலின் போதும் என்பதைப் பழகிய காதுதான் சொல்லும்.